ஆஸ்திரியா என்றொரு மெட்டு

லண்டனில் தங்கியிருந்த நாட்களில் ஜோசப் ஹைடனின் மனத்தைத் தொட்டவற்றுள் ஒன்று, கூட்டத்தார் மொத்தமும் எழுந்து நின்று தங்கள் அரசனுக்காக ஒரே குரலில் பாடியது. 1791-க்கும் 1795-க்கும் இடையில் இரண்டு முறை அவர் அந்த ஊருக்குப் போனார். நாடக அரங்கிலும் கச்சேரி மண்டபத்திலும், பிரபுவும் கடைக்காரரும் சேர்ந்து 'காட் சேவ் த கிங்' பாடியதைக் கேட்டார். வியன்னாவில் அப்படி ஒரு பாட்டு இருக்கவில்லை. பேரரசருக்குப் படையும் அரண்மனையும் நூற்றுக்கணக்கான வாத்தியக்காரர்களும் இருந்தார்கள். அவருக்காகக் குடிகள் சேர்ந்து பாட ஒரு மெட்டு இல்லை.

அந்த ஆங்கில மெட்டு அப்போது உலகின் பல திசைகளுக்கும் கப்பலேறிக்கொண்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியத்தோடு சென்னைக்கும் வந்தது. முத்துசுவாமி தீட்சிதர் அதைக் கேட்டு, அதே மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' என்று அம்பாளைப் பாடினார். தீட்சிதர் வந்த மெட்டை எடுத்துக்கொண்டு தன் தெய்வத்துக்குச் சூட்டினார். ஹைடன் அந்த மெட்டு செய்த வேலையைக் கண்டு, தானே புதிதாக ஒன்றைச் செய்தார். அதன் கதைதான் இது. இன்று ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களில் 'ஆஸ்திரியா' என்ற பெயரோடு நிற்கும் கிறிஸ்தவப் பாமாலை மெட்டு, கோயிலுக்குள் பிறக்கவில்லை. ஒரு போரின் நடுவில் பிறந்தது.

1796-இல் நெப்போலியன் இத்தாலியில் ஆஸ்திரியப் படைகளை ஒன்றன்பின் ஒன்றாக முறியடித்துக்கொண்டிருந்தான். பிரெஞ்சுக்காரர்களிடம் 'லா மார்செயேஸ்' இருந்தது. படைவீரனைப் பாட வைத்து நடக்க வைக்கும் பாட்டு. அதற்கு எதிராகத் தங்கள் மக்களையும் ஒன்றுசேர்க்க ஒரு பாட்டு வேண்டும் என்று வியன்னாவில் உயர்பதவி வகித்த சௌராவ் பிரபு முடிவு செய்தார். லோரன்ஸ் லியோபோல்ட் ஹாஷ்கா என்ற கவிஞரிடம் வரிகளைக் கேட்டார். இசைக்கு ஹைடன். அப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது. ஐரோப்பாவில் அவரைவிடப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் யாரும் இல்லை. இருந்தும் இந்தச் சின்ன வேலையை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார். எழுதித் திருத்திய கைப்பிரதி ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இன்றும் இருக்கிறது. யாரும் ஒரு முறை கேட்டதும் கூடவே பாடக்கூடிய மெட்டு வேண்டும், அதில் மலிவான ஒரு ஸ்வரமும் இருக்கக் கூடாது என்றால், ஹைடனுக்கும் திருத்தம் தேவைப்பட்டிருக்கிறது.

1797 பிப்ரவரி 12, பேரரசர் இரண்டாம் ஃபிரான்சிஸின் பிறந்தநாள். அன்று மாலை வியன்னாவின் பர்க் தியேட்டரிலும், பேரரசின் மற்ற நகரங்களின் அரங்குகளிலும் அச்சடித்த பாட்டுத் தாள்களைக் கொடுத்து எல்லோரையும் பாட வைத்தார்கள். வரிகளின் சாரம் எளியது: கடவுளே, எங்கள் பேரரசர் ஃபிரான்சிஸைக் காத்தருளும். அரசாங்கம் கேட்டு வாங்கிய பாட்டுதான். ஆனால் வடிவத்தில் அது ஜெபம். முழக்கமோ சபதமோ எதிரிக்கு விடும் சவாலோ அதில் இல்லை. 'லா மார்செயேஸ்' குடிமக்களை ஆயுதம் எடுக்கச் சொல்கிறது. ஹைடனின் பாட்டு கடவுளிடம் கேட்கிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் இந்த மெட்டுக்குப் பின்னால் நடந்தவை புரியாது.

மெட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் கணக்கில் அது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். ஸட்ஜத்தில் தொடங்கி, பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களிலேயே நிதானமாக நடக்கிறது. பயிற்சியில்லாத குரலுக்கும் முதல் அடியில் சங்கடம் கிடையாது. முதல் இரண்டு வரிகளின் மெட்டு அப்படியே திரும்ப வருகிறது; அதற்குள் கேட்பவர் காதில் அது பதிந்துவிடும். நடுப்பகுதி கொஞ்சம் கீழே இறங்கி, பிறகு படிப்படியாக ஏறிப் பஞ்சமத்தில் போய் நிற்கிறது. அங்கிருந்து ஒரே தாவலில் மேல் ஸட்ஜம். பாட்டின் உச்சமான ஸ்வரம் கடைசிப் பகுதியின் தொடக்கத்தில்தான் முதன்முறையாக வருகிறது. அதுவரை ஹைடன் அதைத் தொடவிடாமல் வைத்திருக்கிறார். அந்த உச்சியிலிருந்து மெட்டு மெல்ல மெல்ல இறங்கி வீட்டுக்கு வருகிறது. அந்த இறக்கத்தையும் இரண்டு முறை பாட வைக்கிறார். இத்தனையும் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில். கோயிலில் ஆயிரம் பேர் சேர்ந்து பாடும்போது அந்தத் தாவலில் உடம்பு சிலிர்ப்பது தற்செயல் இல்லை. அதற்காகவே கட்டப்பட்ட மெட்டு இது.

இதன் வேர் நாட்டுப்பாடலில் இருக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குஹாச் என்ற குரோவாட் இசை அறிஞர் வாதிட்டார். ஹைடன் பிறந்த ரோராவும் அவர் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஐசன்ஸ்டாட்டும் குரோவாட் குடிகள் வாழ்ந்த பகுதிக்குப் பக்கத்தில் உள்ளவை. அதிகாலையில் எழுவதைப் பற்றிய ஒரு குரோவாட் பாட்டின் தொடக்கம் இந்த மெட்டின் தொடக்கத்தை ஒத்திருக்கிறது. அறிஞர்கள் இன்னும் இதில் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. சின்ன வயதில் வயல்வெளியில் கேட்ட ஒரு தொடக்கம் அறுபது ஆண்டுகள் கழித்து விரலுக்கு வந்தது என்றால் அதில் வியக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நடு ஏற்றமும் கடைசித் தாவலும் ஹைடனின் கை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே காலத்தில் ஹைடன் நரம்பு வாத்தியங்கள் நான்குக்கான குவார்டெட்களின் வரிசை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். ஓபஸ் 76 என்று பெயர்பெற்ற அந்த ஆறில் மூன்றாவதன் இரண்டாம் பகுதியில் இந்த மெட்டை வைத்தார். அதனால் அந்த குவார்டெட்டுக்கே 'எம்பரர்' என்று பெயர் வந்துவிட்டது. அங்கே அவர் செய்திருப்பதைக் கேட்டால் அவர் மனம் தெரியும். மெட்டின் மேல் ஒரு கமகம் ஏற்றவில்லை, ஒரு ஸ்வரம் மாற்றவில்லை. முதலில் முதல் வயலின் அதைப் பாடுகிறது. பிறகு இரண்டாம் வயலின், அதன் பின் செல்லோ, அதன் பின் வியோலா என்று மெட்டு கைமாறுகிறது. கடைசியில் திரும்பவும் முதல் வயலினிடம் வருகிறது. மெட்டு அசையாமல் நிற்க, சுற்றியுள்ள குரல்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக எதையோ சொல்கின்றன. தொடக்கத்தில் அவர் எழுதியிருக்கும் குறிப்பு, கொஞ்சம் நிதானமாக, பாடுவதுபோல் வாசிக்கச் சொல்கிறது. வீறுநடை போடச் சொல்லவில்லை.

ஹைடன் இந்த மெட்டைத் தன் சொந்த ஜெபமாகவே வைத்துக்கொண்டார். 1809 மே மாதம் நெப்போலியனின் பீரங்கிகள் வியன்னாவைத் தாக்கின. நகரின் புறப்பகுதியான கும்பென்டார்பில் இருந்த அவர் வீட்டுக்கு அருகில் குண்டு விழுந்தது. எழுபத்தேழு வயது, நடமாட்டம் குறைந்துவிட்டது. அந்த நாட்களில் தினமும் அவரைப் பியானோவின் முன் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். இந்த மெட்டை வாசிப்பார். மே 26-ஆம் தேதி மூன்று முறை வாசித்தார் என்றும், அவ்வளவு உணர்ச்சியோடு வாசித்ததை எண்ணி அவரே வியந்தார் என்றும் அவருடைய உதவியாளர் யோஹான் எல்ஸ்லர் எழுதியிருக்கிறார். மே 31-இல் இறந்தார். ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்தது. எந்தப் பேரரசரைக் காக்கச் சொல்லி அந்தப் பாட்டு வேண்டியதோ, அவர் தலைநகரை விட்டு வெளியேறியிருந்தார்.

இனி மெட்டு கோயிலுக்குள் வந்த வழி. இதற்குக் காரணம் ஒரு கணக்கு. பாமாலைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பருகே 8, 7, 8, 7 என்று எண்கள் அச்சிட்டிருப்பதைச் சபையில் பாடியவர்கள் பார்த்திருப்பார்கள். வரிக்கு எத்தனை அசை என்பதே அந்த எண். முதல் வரியில் எட்டு, அடுத்ததில் ஏழு, இப்படி மாறி மாறி எட்டு வரிகள் என்றால், அந்த அளவில் எழுதிய எந்தப் பாட்டையும் அந்த அளவில் அமைந்த எந்த மெட்டிலும் பாடலாம். நம் ஊரில் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று தலைப்பில் போட்டுப் புதுப்பாட்டு எழுதுவோமே, அந்த வழக்கம்தான். மேற்கத்தியச் சபைகளில் மட்டும் மெட்டுக்கு வரிகளிலிருந்து விலகிய தனிப் பெயர் உண்டு. பெரும்பாலும் ஊர்ப் பெயர், சில சமயம் ஒரு புனிதரின் பெயர். ஹைடனின் மெட்டு இங்கிலாந்துக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த பெயர் 'ஆஸ்திரியா'. 1802-இல் எட்வர்டு மில்லர் வெளியிட்ட ஒரு திருச்சபை இசைத் தொகுப்பிலேயே அது இடம்பெற்றுவிட்டது. ஹைடன் அப்போது உயிரோடுதான் இருந்தார்.

அந்த மெட்டோடு ஆங்கிலச் சபைகளில் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்ட வரிகள் ஜான் நியூட்டனுடையவை. அடிமைக் கப்பலில் கேப்டனாக இருந்து, பின்னாளில் குருவானவரானவர். 'அமேசிங் கிரேஸ்' எழுதியவர். ஓல்னி என்ற சிற்றூரில் இருந்தபோது, கவிஞர் வில்லியம் கூப்பரோடு சேர்ந்து 1779-இல் அவர் வெளியிட்ட பாமாலைத் தொகுப்பில் சியோன் நகரைப் பற்றிய பாட்டு ஒன்று உண்டு. 87-ஆம் சங்கீதத்திலும் ஏசாயா 33-ஆம் அதிகாரத்திலும் வேர்விட்ட பாட்டு. கடவுளின் நகரம், அசையாத பாறை மேல் கட்டிய அஸ்திபாரம், வற்றாத நீரூற்று என்று போகும். அந்தப் பாட்டும் 8, 7, 8, 7 கணக்கு. ஹாஷ்காவின் வரிகளும் அதே கணக்கு. பாட்டு எழுதிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்துத்தான் மெட்டு பிறந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தது பின்னால் வந்த 19-ஆம் நூற்றாண்டு.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது, இந்த இரண்டு மனிதர்களும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் இருந்தார்கள் என்பதுதான். நியூட்டன் 1780 முதல் 1807-இல் இறக்கும்வரை லண்டன் செயின்ட் மேரி வுல்நாத் கோயிலில் குருவானவர். ஹைடன் லண்டனில் இருந்த ஆண்டுகள் இதற்குள் அடக்கம். ஆனால் இசையைப் பற்றி இருவர் மனமும் இரு வேறு திசை. ஹாண்டலின் 'மெசையா'வைக் கேட்க 1784-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கூட்டம் அலைமோதியபோது, வேதவசனத்தை மக்கள் கேளிக்கையாகக் கேட்கிறார்களே என்று நியூட்டன் வருந்தினார். அந்த இசைப் படைப்பின் வசனங்களையே எடுத்துக்கொண்டு ஐம்பது பிரசங்கங்கள் செய்தார். 1791-இல் அதே அபேயில் ஹாண்டலின் இசையைக் கேட்டு ஹைடன் உருகிப்போனார். 'படைப்பு' என்ற தன் பெரிய ஒரட்டோரியோவை எழுதும் எண்ணத்துக்கு அந்த அனுபவம் உரமிட்டது. ஒருவர் இசை வசனத்தை மறைத்துவிடுமோ என்று அஞ்சியவர். மற்றவர் இசை வழியாகவே ஜெபித்தவர். அவர்களின் வரியும் மெட்டும் சேர்ந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிக்கின்றன.

நியூட்டனின் பாட்டு மட்டும் இல்லை. லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த ஃபவுண்ட்லிங் மருத்துவமனையின் பாட்டுத் தொகுப்பிலிருந்து வந்த துதிப்பாட்டு ஒன்றும் இந்த மெட்டில் பாடப்படுகிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க், கொலம்பியா பல்கலைக்கழகங்களின் பாட்டுகளும் இதில் அமைந்தவை. ரோஸ்ஸினி தன் ஓப்பரா ஒன்றில் ஒரு ஜெர்மானியப் பாத்திரத்தை இந்த மெட்டோடு மேடையேற்றினார்.

ஆஸ்திரியாவிலோ அது அரசாங்கத்தின் பாட்டாக நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனது. வரியில் பேரரசரின் பெயர் இருந்ததால், ஆள் மாறும்போதெல்லாம் வரி மாற வேண்டியிருந்தது. 1854-இல் யோஹான் கேப்ரியல் சைடல் எழுதிய, எந்தப் பேரரசருக்கும் பொருந்தும் வரிகளை அதிகாரபூர்வமாக்கினார்கள். மாகியார், செக், போலிஷ், குரோவாட், இத்தாலியன் என்று பேரரசின் மொழிகளில் அதைப் பெயர்த்துப் பள்ளிக்கூடங்களில் பாட வைத்தார்கள். ஆளப்பட்டவர்களின் காதில் அது எப்படி ஒலித்தது என்பதற்கு ஹங்கேரியே சாட்சி. இளைஞர் பேலா பார்டோக், 1848 விடுதலைப் போராட்டத் தலைவர் கொஷூத்தைப் பற்றி எழுதிய சிம்பொனிக் கவிதையில் ஆஸ்திரியப் படை வரும் இடத்தில் ஹைடனின் மெட்டைக் கோணலாக்கி வைத்தார். 1904 ஜனவரியில் புடாபெஸ்டில் அரங்கேற்றத்துக்கு ஒத்திகை நடந்தபோது, வாத்தியக் குழுவில் இருந்த ஆஸ்திரியர்கள் சிலர் அதை வாசிக்க மறுத்தார்கள். ஒருவருக்கு ஜெபமாக இருந்தது அடுத்தவருக்குப் பூட்ஸ் சத்தமாகிவிட்டிருந்தது.

அதற்கு முன்பே மெட்டு எல்லை தாண்டிவிட்டது. 1841 ஆகஸ்டில், அப்போது ஆங்கிலேயரிடம் இருந்த ஹெல்கோலாந்துத் தீவில், ஹாஃப்மன் ஃபான் ஃபாலர்ஸ்லேபன் என்ற பேராசிரியர் ஹைடனின் மெட்டை மனத்தில் வைத்து மூன்று பத்திகள் எழுதினார். அன்றைய ஜெர்மனி பல சிறு அரசுகளாகச் சிதறிக் கிடந்தது. அரசர்களின் பிடியிலிருந்து விடுபட்டு ஒன்றுபட்ட, சட்டத்தின்படி நடக்கும் ஒரு நாடு வேண்டும் என்பது அவர் ஆசை. அரசியல் பேசும் கவிதைகளுக்காக அடுத்த ஆண்டே பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் வேலையை இழந்தார். அந்தப் பாட்டை ஜெர்மானியக் குடியரசின் தேசிய கீதமாக 1922-இல் அறிவித்தவர் சமூக ஜனநாயகவாதியான ஜனாதிபதி ஃபிரீட்ரிஷ் ஏபர்ட். 1933-இல் ஆட்சியைப் பிடித்த நாஜிகள் மற்ற பத்திகளை ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஜெர்மனி என்று தொடங்கும் முதல் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதன் பின்னாலேயே தங்கள் கட்சிப் பாட்டை ஒட்டி வைத்தார்கள். 1930-களில் ஆஸ்திரியக் குடியரசும் வேறு வரிகளோடு இதே மெட்டைத் தேசிய கீதமாக வைத்திருந்தது. 1938-இல் ஹிட்லர் வியன்னாவுக்குள் நுழைந்தபோது ஊர்வலத்தில் ஒலித்த கீதத்தின் மெட்டு, அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் பேரரசரைக் காக்கும்படி கடவுளிடம் வேண்டியது.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்துச் சபைகள் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். மகனைப் போர்முனைக்கு அனுப்பிய தாய் ஞாயிறன்று கோயிலில் உட்கார்ந்திருக்கிறாள். ஆர்கன் எழுப்பும் முதல் நான்கு ஸ்வரங்கள், வானொலியில் எதிரியின் கூட்டங்களிலிருந்து அவள் கேட்ட அதே ஸ்வரங்கள். வாயில் வருவது சியோன் நகரின் மகிமை. அந்த மெட்டை வானொலி ஆராதனையில் ஒலிபரப்பியபோது பிபிசிக்குப் புகார்கள் வந்தன. குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு மாற்றப்பட்டிருந்த பிபிசியின் மத ஒலிபரப்புத் துறையில் சிரில் டெய்லர் என்ற குருவானவர் வேலை பார்த்தார். 1940-களின் தொடக்கத்தில், பிரிஸ்டலை ஒட்டிய ஒரு சிற்றூரில் தங்கியிருந்தபோது, நியூட்டனின் அதே வரிகளுக்கு அவர் ஒரு புது மெட்டுப் போட்டார். அந்த ஊரின் பெயரையே மெட்டுக்கும் வைத்தார்: 'அபட்ஸ் லீ'. விசாலமான, அழகான மெட்டு. 1950-இல் ஆங்கிலிக்கர்களின் முக்கியமான பாட்டுப் புத்தகத்தில் இடம்பிடித்தது. போருக்கும் புகாருக்கும் தொடர்பே இல்லாத பல புதுப் பாட்டுகளும் பின்னாளில் அதன்மேல் ஏறிக்கொண்டன.

போர் முடிந்ததும் ஆஸ்திரியா ஹைடனின் மெட்டைக் கைவிட்டது. போட்டி நடத்தி, மோட்சார்ட்டின் பெயரில் வழங்கிவந்த வேறு மெட்டை 1946-இல் தேசிய கீதமாக எடுத்துக்கொண்டது. மேற்கு ஜெர்மனியில் ஜனாதிபதி தியோடர் ஹோய்ஸ் புதுக் கீதம் ஒன்று எழுத வைத்துப் பார்த்தார். மக்கள் வாயில் அது நிற்கவில்லை. 1952-இல் அவரும் சான்சலர் அடனாவரும் எழுதிக்கொண்ட கடிதங்களின் மூலம் பழைய பாட்டு திரும்பி வந்தது. அரசு விழாக்களில் மூன்றாம் பத்தியை மட்டும் பாடுவது என்று முடிவாயிற்று. ஒற்றுமை, நீதி, சுதந்திரம் ஆகிய மூன்றையும் வேண்டும் பத்தி அது. ஜெர்மனி ஒன்றுபட்ட பின் 1991-இல் அந்த மூன்றாம் பத்தியே தேசிய கீதம் என்று உறுதியானது.

சபைகளில் இன்று இரண்டு மெட்டும் உண்டு. நியூட்டனின் பாட்டுக்கு எதை வாசிப்பது என்று ஆர்கன் வாசிப்பவரும் குருவானவரும் முடிவு செய்கிறார்கள். அந்தப் பழைய நினைவின் வலி உள்ளவர் ஒரே ஒருவர் சபையில் இருந்தாலும், யூதர்கள் கூட வந்திருக்கும் ஆராதனையாக இருந்தாலும், 'அபட்ஸ் லீ' வாசிப்பதே அன்பு. ஸ்வரங்களுக்குப் பாவம் கிடையாது என்று அவர்களிடம் போய் வாதாடுவது எனக்கு உவப்பில்லை. காதின் நினைவை வாதத்தால் அழிக்க முடியாது.

மற்ற இடங்களில் நான் ஹைடன் பக்கம். இந்த மெட்டு ஏறி இறங்கிய எல்லா மேடைகளையும்விட, அதன் பிறவிக்கு அருகில் இருப்பது ஞாயிறு ஆராதனைதான். கடவுளிடம் கேட்பதற்காகப் பிறந்தது. அங்கே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு குறை: பல கோயில்களில் ஆர்கனின் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, அணிவகுப்புப் போல வேகமாகவும் உரக்கவும் அதை வாசிக்கிறார்கள். வாசிக்க உட்காரும் முன் அந்த குவார்டெட்டின் இரண்டாம் பகுதியை ஒரு முறை கேட்டால் போதும். இரண்டாம் வயலின் மெட்டைப் பிடித்திருக்க, முதல் வயலின் மட்டும் துணைக்கு நடக்கும் அந்த முதல் மாறுதலின் வேகத்தில் சபை பாடட்டும்.